அத்தை அறுத்துவிட்ட மீன்

நான் வாழவந்த வீட்டின் பின்பக்கம் ஒரு பாகற்கொடி நன்றாகப் படர்ந்திருந்தது. கல்யாணமாகி வந்த மறுநாள் காலை முகம் கழுவப் போனவள், அந்தக் கொடி ஏறியிருந்த கோலைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். இலைகளுக்கு நடுவே, காய் தொங்குகிற மாதிரி ஒரு பித்தளைச் சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தது. சக்கரத்தில் பட்டு நூல் சுற்றியிருந்தது. புதுப்பெண் சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனாலும் அடக்க முடியவில்லை.

"என்னா புள்ள, காலங்காத்தால சிரிப்பு?" என்று பின்னாலிருந்து கேட்டார் என் மாமியார்.

"அத்தே, இது தூண்டிக்கோலு. மீன் புடிக்கிறது. இதுல போயி பாவக்காயை ஏத்தி விட்டிருக்கீங்களே!"

"தூண்டியா? சும்மா சொல்லாத. இவ்ளோ ஒல்லியா இருக்கு, எறா கூட இதுல மாட்டாது."

ஜப்பான்காரன் மலாய் நாட்டுக்குள் சைக்கிளில் வந்து இறங்கிய சமயத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துத் துரை காரை எடுத்துக்கொண்டு தெற்கே ஓடிவிட்டார். பங்களா திறந்து கிடந்தது. லயத்து வரிசை வீட்டு ஜனங்கள் நாற்காலி, தட்டு, திரைச்சீலை என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். அத்தை தயங்கித் தயங்கிக் கடைசியாகப் போனதில் அவருக்கு மிஞ்சியது இந்தக் கோலும் ஒரு தகர டப்பாவும்தான். டப்பாவை உள்ளேயிருந்து கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"மருமக வந்தா தலையில வெச்சுக்கட்டும்னு பத்திரமா வெச்சிருந்தேன்."

திறந்து பார்த்தேன். சிவப்பு, நீலம், பொன்னிறம் என்று சின்னச் சின்ன இறகுகளைக் கட்டிய தூண்டில் முட்கள். பூச்சி மாதிரி தெரிவதற்காக வெள்ளைக்காரன் இறகு கட்டி வைத்திருந்தான். அத்தை அதைக் கொண்டை ஊசி என்று நினைத்திருக்கிறார். ஒன்றை எடுக்கப் போய் விரலில் குத்தி ரத்தம் வந்தது. "ஐயோ" என்று பதறி என் விரலைத் தன் வாயில் வைத்துக்கொண்டார். எங்களுக்குள் இருந்த கூச்சம் அந்த நிமிஷத்தில் பாதி போய்விட்டது.

நான் செமிலிங் ஆற்றோரத்தில் வளர்ந்தவள். அப்பா படகுத்துறையில் மூட்டை தூக்கினார். துறைப் பலகையில் உட்கார்ந்து கையில் கயிறு பிடித்து மீன் பிடிப்பது எனக்குச் சோறு உண்பது மாதிரி. ஜப்பான்காரன் வந்த பிறகு வயசுப் பெண்களை வீட்டில் வைத்திருக்க எல்லாருக்கும் பயம். கண்ணில் பட்ட மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்துவிடுவார்கள். அப்பா விசாரித்துத் தேடியதில் அகப்பட்டவர், குருண் ஊருக்கு அந்தப் பக்கம் ஜெராய் மலையடியில் இருந்த ஒரு தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் வீட்டில் வேலை செய்தவர். அப்பா இல்லாத பிள்ளை, அம்மா மட்டும். கோயிலில் தாலி கட்டினார். தென்னஞ்சர்க்கரை போட்டு மரவள்ளிக்கிழங்குப் பாயசம் கிண்டினார்கள். அவர் மேல் எப்போதும் புகை வாசனை அடிக்கும். உயரமான ஆள். நின்றால் லயத்துக் கூரை இடிக்கும் என்று பாதி குனிந்தபடியே வீட்டுக்குள் நடப்பார். அவரைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது. பேசிப் பழக நேரம் கிடைக்கவில்லை. சயாமில் ரயில் தண்டவாளம் போட ஆள் கேட்டு வந்துவிட்டார்கள்.

முதல் தடவை அரிசி தருகிறோம், துணி தருகிறோம் என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. அடுத்த தடவை யாரும் முன்வராததால், யார் யார் போக வேண்டும் என்று கங்காணியையே கை காட்டச் சொன்னார்கள். கங்காணி எங்கள் லயத்து வரிசையில் வந்து நின்று என் வீட்டுக்காரரைக் காட்டினார். காட்டும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு நாளில் லாரி வரும் என்றார்.

மறுநாள் விடியுமுன் அத்தை மகனை எழுப்பி, கிழங்கு மூட்டை ஒன்றைத் தோளில் வைத்து, மலைக்கு அனுப்பிவிட்டார்.

மலையில் மேட்டுக் குளம் என்று ஒரு இடம் இருந்தது. தொழிற்சாலைக்குத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக, மேலிருந்து இறங்கும் ஓடையை இரண்டு குன்றுகளுக்கு நடுவே சிமெண்டுச் சுவர் கட்டிக் கம்பெனிக்காரன் தடுத்திருந்தான். சுற்றிலும் காடு. தண்ணீர் கறுப்பாக, தொட்டால் கை விறைக்கும் குளிர்ச்சியோடு கிடக்கும். பழைய துரைக்கு அந்தக் குளம் உயிர். அவர் ஊரில் ட்ரவுட், சால்மன் என்று மீன்கள் உண்டாம், குளிர்ந்த மலை ஏரிகளில் திரியுமாம், தூண்டிலில் மாட்டினால் மல்லுக்கட்டுமாம். அதையெல்லாம் நினைத்து ஏங்கிக் கிடந்தவருக்கு இந்தக் குளத்தில் கெலா மீன் கிடைத்தது. பெரிய பெரிய செதில், செம்பு நிற வால், ஆளையே இழுத்துக்கொண்டு போகிற பலம். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் மேலே போய்விடுவார் என்று பங்களாச் சமையல்காரர் சொல்லியிருக்கிறார். வேறு யாரும் அங்கே தூண்டில் போடக் கூடாது என்று உத்தரவு. துரை ஓடிய பிறகும் புலிக்குப் பயந்து ஒருவரும் போகவில்லை. குளத்துக்கு மேலே பாறை ஒன்றின் அடியில், பழைய காவல்காரன் குடிசை ஒன்று இடிந்து கிடந்தது. என் வீட்டுக்காரர் அதில் ஒளிந்துகொண்டார்.

லாரி வந்தபோது ஆள் இல்லை. கங்காணி வாசலில் நின்று கத்தினார். அப்போது அத்தை செய்த காரியத்தை நான் இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பேன், அன்றைக்கு நடுங்கிப் போனேன். என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்து, லயமே கேட்கும்படி திட்ட ஆரம்பித்தார்.

"இவதான்யா! இந்த மூதேவி வந்த நேரம், எம்புள்ள வீட்ட விட்டே ஓடிட்டான்! பொண்டாட்டி மூஞ்சியப் பாக்கப் புடிக்கலன்னு அலோர் ஸ்டார் பக்கம் போயிட்டான்! நீயே போயிக் கூட்டிட்டு வா கங்காணி, வந்தா ஒனக்குப் புண்ணியம்!"

எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்து லயத்துப் பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். கங்காணி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். வீட்டுக்குள் வந்ததும் அத்தை கதவைச் சாத்திவிட்டு என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தார்.

"ரொம்பத் திட்டிட்டனா?"

"மூதேவின்னு சொன்னீங்களே அத்தே."

"பின்ன என்னா, மகாலெச்சுமின்னா திட்ட முடியும்?"

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு சண்டை குழாயடியில் நடத்துவோம். என்ன திட்டுவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வோம். கிழங்குத் தோலை உரித்தபடி அத்தை கேட்பார், "நாளைக்கு ஒன் சமையலப் பத்திச் சொல்லவா, நடையப் பத்திச் சொல்லவா?" சமையலைத் தொடாதீர்கள், மற்றதெல்லாம் சொல்லிக்கொள்ளுங்கள் என்பேன். லயத்தில் எல்லாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். ஒரு கிழவி எனக்கு ரகசியமாக வெல்லம் கூடக் கொடுத்தார்.

ஆனால் மலைக்குச் சோறு கொண்டுபோக வேண்டுமே. ரப்பர் வேலை நின்று எல்லாரும் கிழங்கு நட்டுக்கொண்டிருந்த காலம். மலைச்சரிவில் எங்களுக்கும் ஒரு துண்டு நிலம் இருந்தது. அதுவரை போகலாம். அதற்கு மேலே போக ஒரு காரணம் வேண்டும். பாகற்கொடியை அவிழ்த்துக் கோலை வெளியே எடுத்தேன். கங்காணியிடம் நானே போய்க் கேட்டேன்.

"வீட்ல கறி கொழம்பு பாத்து மாசக்கணக்காவுது அண்ணே. மேட்டுக் கொளத்துல மீன் புடிச்சா ஒங்களுக்கும் பங்கு தரோம்."

அவர் கோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பொம்பளையா போயி மீன் புடிக்கப் போற? சரி, போ. பங்கு வரலைன்னா அடுத்த வாரம் போகக் கூடாதுலா."

ஆக, மீன் பிடித்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு போகாது.

அத்தையும் என்னோடு வந்தார். முதல் வாரம் எனக்கு அந்தக் கோலைப் பழக்குவதற்கே சரியாக இருந்தது. செமிலிங்கில் கையில் கயிறு பிடித்தவளுக்கு, இப்படி வளைகிற கோல் புதுசு. நூல் போய் மரத்தில் மாட்டும், என் கொண்டையில் மாட்டும். மண்புழு போட்டதில் விரல் நீளக் குஞ்சுகள்தான் வந்தன. கெலா மீன்கள் கண்ணெதிரே கூட்டமாகத் திரிந்தன. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிர்க்கரையில் ஒரு காட்டு அத்திமரம் தண்ணீருக்குள் வேரை விட்டுச் சாய்ந்து நின்றது. அதிலிருந்து பழம் 'பொளக்' என்று விழும்போதெல்லாம் அடியிலிருந்து ஒரு மீன் எழும்பி வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். அப்புறம் என்ன, முள்ளில் இருந்த இறகையெல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டு ஒரு அத்திப்பழத்தைக் குத்தி எறிந்தேன். கோல் அப்படியே வில்லாக வளைந்தது. சக்கரம் கிர்ர் என்று சுற்றி என் கட்டைவிரல் தோலை உரித்தது. அந்த மீனைக் கரையேற்றி முடிப்பதற்குள் நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தேன். என் வீட்டுக்காரர் குடிசையிலிருந்து ஓடிவந்து, உதவி செய்கிறேன் என்று காலை வைத்து வழுக்கி விழுந்தார். நான் பிய்த்துப் போட்ட இறகுகளை அத்தை பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டிருந்தார்.

அன்று அங்கேயே தணலில் சுட்டுத் தின்றோம். எண்ணெய் கிடையாது, மிளகாய் கிடையாது. உப்பு துளி. கெலாவின் செதில்கூட நெருப்பில் பொரிந்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். அத்தை முதலில் உயிர் மீனைத் தொடவே மாட்டேன் என்றவர். அது வாயைப் பிளந்து மூடுவதைப் பார்த்து, "மன்னிச்சுக்க தாயி" என்று கும்பிட்டார். சுட்ட மீனை மட்டும் முள்ளைக்கூடச் சப்பித் தின்றார்.

அத்தை எப்படி மீன் பிடிக்க ஆரம்பித்தார் என்பதைச் சொல்ல வேண்டும். மேலே போகும் நாட்களில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பேசுவதற்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும். மூன்று பேரும் ஒரே பாறையில் உட்கார்ந்தால் அவர் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டு என்னிடம் பேசுவார், நான் காலைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வேன். அத்தைக்கு அது புரிந்துவிட்டது. ஒருநாள் என் கையிலிருந்து கோலை வாங்கிக்கொண்டார்.

"கொண்டா இங்க. நான் தண்ணியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போயிப் பேசுங்க. நான் திரும்ப மாட்டேன்."

உண்மையிலேயே திரும்ப மாட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருப்பார். அந்த முதுகின் தயவில்தான் நான் என் புருஷனைத் தெரிந்துகொண்டேன். அவருக்குப் பாட்டு வராது, ஆனால் பாடுவார். புலிக்குப் பயமில்லை, அட்டைக்குப் பயம். சின்ன வயசில் அப்பா செத்துப்போனதை அவர் என்னிடம்தான் முதலில் வாய்விட்டுச் சொன்னார். நானும் ஆற்றையும் அப்பாவையும் பற்றிப் பேசினேன். தனியாகக் கிடந்து கிடந்து, பேச ஆள் கிடைத்தால் அவர் நிறுத்தவே மாட்டார்.

ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, "ஏ புள்ள! ஏ புள்ள! என்னமோ இழுக்குது!" என்று அலறல். ஓடிப் போனோம். அத்தை கோலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார்.

"விடாதீங்க அத்தே! கண்ணத் தொறங்க!"

"தொறக்க மாட்டேன்! பயமா இருக்கு!"

கண்ணைத் திறக்காமலேயே அந்த மீனைப் பிடித்தார். கரையில் போட்ட பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்குக் கோல் கிடைக்கவில்லை.

எங்களுக்காகத் திரும்பாமல் உட்கார்ந்தவர், பிறகு எங்களை மறந்தே உட்கார்ந்தார். பாதை ஏறும்போதே, "இன்னிக்கு வெயில் அடிக்குது, அத்தி மரத்துக்குக் கீழ இருக்கும்" என்பார். மீனோடு பேசுவார். "வாம்மா, கொஞ்சம் கிட்ட வா, ஒனக்குத்தானே பழம்." விட்டுப்போனால் பச்சைப் பச்சையாகத் திட்டுவார். என்னைக் குழாயடியில் திட்டியதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கொண்டுபோன கிழங்கில் பாதியை உருட்டித் தூண்டிலில் குத்திவிடுவார். மகன் பசியோடு பார்த்துக்கொண்டிருப்பார். "அம்மா, அது என் சோறும்மா" என்று சொன்னதற்கு, "பேசாம இருடா, மீனு ஓடிரும்" என்றார்.

அந்தக் குளத்தில் ஒரு பெரிய கெலா இருந்தது. மற்ற மீன்களெல்லாம் அது வந்தால் விலகிக்கொள்ளும். பழத்தை முள்ளிலிருந்து நோகாமல் உருவிக்கொண்டு போய்விடும். அத்தை அதைச் 'சீமான்' என்று கூப்பிட்டார். அதற்காகவே வாரக்கணக்கில் காத்திருந்தார்.

கடைசியில் அது மாட்டியது, மாட்டக் கூடாத ஒரு நாளில்.

நல்ல வெயில். என் வீட்டுக்காரர் குளிப்பதற்கு எதிர்க்கரையில், அத்திமரத்துப் பக்கம் தண்ணீரில் இறங்கியிருந்தார். அவருடைய சாரோங் கைலியைத் துவைத்து எங்கள் பக்கத்துப் பாறையில் நான் காயப் போட்டிருந்தேன். கோல் ஒரே இழுப்பில் தண்ணீருக்குள் தலைகுனிந்தது. "சீமான்!" என்றார் அத்தை, கிசுகிசுவென்று. அதே நேரத்தில் கீழே பாதையில் கங்காணி பலமாக இருமுகிற சத்தம் கேட்டது. அவரோடு பூட்ஸ் சத்தம்.

கண்மூடித் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் அத்தி வேர்களுக்கு நடுவே முங்கிவிட்டார். மூக்கு மட்டும் வெளியே. அவர் அங்கே இருப்பது எனக்குத் தெரிந்ததால்தான் அந்த மூக்கு என் கண்ணில் பட்டது.

ஒரு ஜப்பான் அதிகாரி மேலே வந்தார். தொழிற்சாலையைத் திரும்ப ஓட்டுவதற்காகத் தண்ணீரைப் பார்க்க வந்திருக்கிறார். கங்காணி பின்னால். நாங்கள் இருவரும் குனிந்து வணங்க வேண்டும். நான் குனிந்தேன். அத்தையால் குனிய முடியவில்லை, மீன் அவரைக் குனியவிடவில்லை. அதிகாரி கோல் வளைந்திருப்பதைப் பார்த்தார். முகம் அப்படியே மாறிவிட்டது.

"இக்கான்! இக்கான் பெசார்!" என்று தனக்குத் தெரிந்த மலாயில் கத்தினார். பெரிய மீன், பெரிய மீன்! தோளில் மாட்டியிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு அத்தையின் பக்கத்தில் ஓடிவந்து நின்றார். கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார், கோலை உயர்த்து, உயர்த்து என்று. அவர் ஊரிலும் மலையும் ஓடையும் இருந்திருக்கும் போலிருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி குதித்தார்.

மீன் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு தனக்குத் தெரிந்த இடத்துக்குப் போனது. நேராக அத்தி வேர்களுக்குள்.

நூல் விறைத்து நின்றது. அதன் மறுமுனையில் மீன், அதற்கு ஒரு கை தூரத்தில் என் புருஷன். அதிகாரி காற்சட்டையோடு தண்ணீரில் இறங்கிவிட்டார். நூலைக் கையால் தொட்டுக்கொண்டே எதிர்க்கரையை நோக்கி நடக்க ஆரம்பித்தார். வேரிலிருந்து மீனைப் பிரித்து எடுக்கப் போகிறார். தண்ணீர் அவருக்கு முழங்கால், தொடை, இடுப்பு என்று ஏறிக்கொண்டே இருந்தது. 

அத்தை இடுப்பிலிருந்த சுருக்குப் பையில் கையை விட்டார். பாக்குவெட்டியை எடுத்தார். நூலை அதன் வாயில் வைத்து ஒரே அழுத்து.

கோல் நிமிர்ந்தது. அத்தை மல்லாந்து விழுந்தார்.

அதிகாரி கையிலிருந்த நூலைப் பார்த்தார். திரும்பிப் பார்த்தார். பாக்குவெட்டி இன்னும் அத்தையின் கையில் இருந்தது. தண்ணீரைக் கலக்கிக்கொண்டு கரைக்கு வந்து, அவரை எழுப்பி நிறுத்தி, கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அந்தச் சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. வேரடியில் தண்ணீர் ஒரு தடவை அசைந்ததை நான் பார்த்தேன். அத்தையும் பார்த்திருக்க வேண்டும். உடனே உரத்த குரலில் ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டார், மகன் காதில் விழும்படி, "நான் நல்லாத்தான் இருக்கேன், நல்லாத்தான் இருக்கேன், யாரும் வர வேணாம்" என்று. தமிழ் தெரியாதவனுக்கு அது அழுகை.

கங்காணி முன்னால் வந்து குனிந்து குனிந்து மலாயில் சொன்னார். இவள் பைத்தியம், மகன் ஓடிப்போனதிலிருந்து புத்தி சரியில்லை, ஐயா மன்னிக்க வேண்டும். அதிகாரி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அப்போதுதான் அவர் கண் பாறைக்குப் போனது. ஆம்பளை சாரோங். ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. விரலை நீட்டினார்.

கங்காணி அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நடந்து போய் அதை எடுத்து உதறித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"சாயா புன்யா, துவான்," என்றார். என்னுடையது, ஐயா. இந்தப் பொம்பளைங்ககிட்ட தொவைக்கக் குடுத்திருந்தேன் என்றும் மலாயிலேயே சொன்னார்.

அதிகாரி அதற்குமேல் கேட்கவில்லை. கீழே கிடந்த கோலை எடுத்தார். மூங்கில் சிம்புகளை ஒட்டியிருந்த வேலைப்பாட்டைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தார். சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு அதைத் தன்னோடு எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

பூட்ஸ் சத்தம் ஓய்ந்து வெகுநேரம் கழித்துத்தான் என் வீட்டுக்காரர் வேரிலிருந்து வெளியே வந்தார். உதடு நீலமாகியிருந்தது. நேராகத் தன் அம்மாவிடம் வந்து கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். விரல்கள் நான்கும் பதிந்திருந்தன. அவருக்கு வாய் கோணியது.

"அம்மா..."

"அத விடுடா. மீனப் பாத்தியா?"

"ம்."

"எவ்ளோ பெருசு?"

"என் கால ஒரசிக்கிட்டுப் போச்சும்மா. தொடையத்தனை இருக்கும்."

அதைக் கேட்டதும்தான் அத்தை நிஜமாக அழுதார். பாறையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். "என் கையாலயே அறுத்துட்டனே, என் கையாலயே அறுத்துட்டனே" என்று. நாங்கள் இருவரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து அவரைக் கட்டிக்கொண்டோம். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கீழே இறங்கும்போது அவர் ஒரே ஒரு தடவை நின்று கேட்டார், "அவன் தொட எவ்ளோ பருமன் இருக்கும், புள்ள?" நான் இரண்டு கையாலும் காட்டினேன். மறுபடி அழுதார்.

அன்று சாயங்காலம் கங்காணி எங்கள் வாசலுக்கு வந்தார். சாரோங்கை நன்றாக மடித்து வைத்திருந்தார். திண்ணையோரம் யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, துணி காயப் போட்டா பாத்து எடுக்கணும்லா. அந்த ஆளுக்கு மீன் ஆசை வந்துருச்சு. இனிமே அடிக்கடி மேல போவான். அங்க எது இருந்தாலும் வேற எடத்துக்கு மாத்திடுங்க."

அத்தை அவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போய், முந்தின தடவை பிடித்து உப்பும் புகையும் போட்டு வைத்திருந்த மீனில் கடைசித் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு வாங்கிக்கொண்டார்.

என் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினோம். அவருக்குத் தெரிந்த ஒரு மலாய்க்காரர் மலைக்கு மறுபக்கத்துக் கிராமத்தில், கம்போங் என்பார்கள், பழத்தோட்டம் வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் காட்டு வழியாகவே அங்கே போய், வேலைக்காரனாக இருந்துகொண்டார். தூரம் அதிகம், எங்களால் போய்ப் பார்க்க முடியவில்லை. கொஞ்ச நாளில் எனக்கு வாந்தி வர ஆரம்பித்தது. சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். ஓடிப்போன புருஷனுக்கு எப்படிப் பிள்ளை? லயத்தில் வாய் சும்மா இருக்காது. பேச்சுக் கிளம்பியபோது, குழாயடியில் எல்லாரும் இருக்கும்போது கங்காணியே சத்தமாகச் சொன்னாராம்: "நான்தான் அலோர் ஸ்டாருக்குப் போனப்ப இந்தப் புள்ளையக் கூட்டிட்டுப் போயி அவன்கிட்ட சமாதானம் பண்ணி வெச்சேன். என்னா இப்ப?" அதோடு பேச்சு அடங்கியது. பிற்காலத்தில் அவரிடம் ஒரு தடவை கேட்டேன், அண்ணே, அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க என்று. "தெரியலைம்மா. வாயில வந்துருச்சு" என்றார். அவர் கை காட்டிப் போனவர்களில் எங்கள் லயத்துக்கு ஒருவன்தான் திரும்பி வந்தான். அவனும் அதிக நாள் இருக்கவில்லை. அந்த வீடுகளைக் கடக்கும்போது கங்காணி கடைசிவரை தலையைக் குனிந்துகொண்டுதான் நடப்பார்.

ஜப்பான்காரன் தோற்றுப் போனான் என்ற சேதி வந்த பிறகு என் வீட்டுக்காரர் குருண் ரோட்டு வழியாகப் பகலிலேயே நடந்து வந்தார். பழத்தோட்டத்து வேலையில் கறுத்துப் போயிருந்தார். பிள்ளையை முதன்முதலாகப் பார்த்து, எப்படித் தூக்குவது என்று தெரியாமல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். அத்தை குழந்தையை அதில் வைத்தார். வெள்ளைக்காரன் திரும்பி வந்து, குளத்துக்கு வேலி போட்டு, பலகை மாட்டினான். தோட்டத்து ஆட்கள் மேலே போக முடியாமல் போயிற்று. அத்தை அதற்காக ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பொங்கலுக்கு அவரைப் பஸ்ஸில் ஏற்றிச் செமிலிங்குக்குக் கூட்டிப் போனேன். அவர் ஆற்றைப் பார்த்ததே இல்லை. மலை ஓடையும் குளமும்தான் அவருக்குத் தெரியும். என் அப்பா துறைப் பலகையில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, "உக்காருங்க சம்பந்தி" என்று மரியாதையாகச் சொல்லி, கையில் ஒரு கயிறும் இறால் இரையும் கொடுத்தார். இருவரும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். வெகுநேரம் மீன் கடிக்கவில்லை. எனக்கு அலுத்துப் போய்க் குழந்தையைத் தூங்கவைக்க வீட்டுக்குள் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அத்தை குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சம்பந்தி, வரும்போது இந்தத் தண்ணி கடலுக்குப் போச்சு. இப்ப என்னா திரும்பி வருது?"

"கடல் ஏறுதும்மா. அப்பத்தான் மீனு உள்ள வரும்."

"வருமா?" என்றார் அத்தை. புடவையை முழங்காலுக்கு நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு, கயிற்றை இன்னொரு சுற்று விரலில் சுற்றிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு இருவருமே எழுந்து வரவில்லை.